கீழுதட்டில் பதினேழு வருஷம்

போடி,
01.11.2025

என் செல்ல மகள் அப்ரினுக்கு, அம்மா ரமீஸா எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அத்தாவும் சுகமாக இருக்கிறோம், லீட்ஸ் குளிரில் நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்கிறது, மலை முகம் காட்டி நாலு நாளாகிறது. தோட்டங்களில் காய் எடுப்பு மும்முரம், அதனால் அத்தாவின் ஜீப்புக்கு ஓய்வில்லை, காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போனால் சாயங்காலம் ஏலக்காய் லோடோடுதான் இறங்குகிறார். தேவாரம் பக்கம் போன வாரம் யானை இறங்கித் தென்னையைச் சாய்த்துவிட்டது, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. நீ நட்டுவிட்டுப் போன மருதாணி வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கிறது, வெட்டட்டுமா என்று அத்தா கேட்கிறார், நீ சொல்லாமல் கத்தி வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தால் கண் சொருகுகிறது, கூடத் தங்கியிருக்கும் பெண் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலத்தைக் கொடுத்து உதட்டுக்குள் வைக்கச் சொன்னாள், புதினா மாதிரி ஜில்லென்று இருந்தது, தூக்கம் ஓடிப்போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். புகையிலையே கெடையாதும்மா, வெறும் நிக்கோட்டின்தான், ரெண்டே தடவதான் வச்சேன் என்றாய். நான் சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை அத்தாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை மகளே, வாய் அடைத்துப்போய்விட்டது. அந்தப் பொட்டலத்தை எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். உன் அம்மா பதினேழு வருஷம் கீழுதட்டுக்குள் புகையிலை வைத்திருந்தவள். இப்போது இல்லை. விட்டு நூற்றுப் பதினெட்டு நாளாகிறது. இதை எழுதும்போது கூச்சம் கால் பங்கு, பெருமை முக்கால் பங்கு. போனில் சொன்னால் நீ குறுக்கே அழுவாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன். அதனால்தான் லைப்ரரியில் உட்கார்ந்து தாளில் எழுதுகிறேன். நானாக யாரிடமும் எதையும் சொல்லிப் பழகாதவள் என்று உனக்கே தெரியும், ஆகையால் பொறுமையாகப் படி.

உனக்கு அப்போது அஞ்சு வயசு. எனக்குக் கடைவாய்ப் பல் குடைந்தது. யோசேப்பு அண்ணன் குடோனில் ஏலக்காயைத் தரம் பார்த்துப் பொறுக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்த முதல் வருஷம், லீவு கேட்கப் பயம். பக்கத்தில் உட்காரும் சுருளியம்மாள் அக்கா மடியிலிருந்து ஒரு கிள்ளு புகையிலையை எடுத்து, ஏத்தா, பல்லுக்குப் பக்கத்துல ஒதுக்கு, வலி வெரசா ஓடிரும் என்றாள். தலை சுற்றியது, சாக்கு மூட்டைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். மறுநாள் தலை மட்டும் சுற்றியது. மூன்றாம் நாள் ஒன்றுமே செய்யவில்லை, மனசு தெளிந்த மாதிரி இருந்தது, கையும் கண்ணும் வேகமாக ஓடின. உடம்பு பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பல் வலி ஒரு வாரத்தில் போய்விட்டது, புகையிலை போகவில்லை. அப்புறம் புகையிலைத் தூள் அடைத்த சின்னப் பைகள் வந்தன, டீத்தூள் பை மாதிரி, விரல் நகம் அளவு. துப்ப வேண்டாம், வாய் சிவக்காது, பார்ப்பவருக்குத் தெரியாது. என்னைப் போல் எதையும் மூடி வைத்துக்கொள்கிற ஆளுக்காகவே செய்தது போல இருந்தது. நம் மாநிலத்தில் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, தெரியாதவர் கேட்டால் கடைக்காரர் இல்லை என்பார், தெரிந்தவர் கேட்கவே வேண்டாம், கை தானாக உள்ளே போகும். இதே லைப்ரரியில் இதே நாற்காலியில் எத்தனை புத்தகத்தை அந்தப் பையோடு படித்திருக்கிறேன் தெரியுமா. அத்தாவுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பாய். நான் பொறுக்குகிறவள், நாளெல்லாம் காயை உடைத்துக் கடித்துப் பார்ப்பவள், வாயில் ஏலக்காய் மணந்தால் இந்த ஊரில் யார் சந்தேகப்படுவார்கள்? சின்னப் பிள்ளையில் என் மேல் சாய்ந்துகொண்டு அம்மா வாசம் என்பாயே, அந்த வாசத்தைப் பாதிநாள் நான் எதற்காக வாயில் போட்டு மென்றேன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். அதை எழுதும்போதுதான் கை நிற்கிறது.

நான் செய்த பெரிய தப்பு வைத்தது மட்டுமில்லை. நான் அடிமை இல்லை என்று எனக்கு நானே ஒரு சாட்சி வைத்திருந்தேன். ரமலானில் முப்பது நோன்பும் பிடிக்கிறேன், பதிமூன்று பதினாலு மணி நேரம் தொடாமல் இருக்கிறேன், அப்படியிருக்க இது என்னை எப்படிப் பிடித்து வைத்திருக்க முடியும்? வருஷா வருஷம் இதைச் சொல்லியே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். விடியுமுன் சாப்பிடும் சஹர் முடியும் கடைசி நிமிஷம் வரை பை உதட்டில் இருக்கும், பாங்கு சொன்னதும் துப்பிவிடுவேன் என்பதையும், நோன்பு திறந்த கையோடு பாத்ரூமுக்குப் போய்விடுவேன் என்பதையும் நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இந்த வருஷம் பத்தொன்பதாவது நோன்பன்று சஹருக்கு எழும்பாமல் தூங்கிவிட்டேன். விழித்தபோது பாங்கு முடிந்திருந்தது. சோறும் இல்லை, தண்ணியும் இல்லை, பையும் இல்லை. குடோனில் மத்தியானத்துக்குள் கை நடுங்க ஆரம்பித்தது. பசியா தாகமா என்று யோசித்துப் பார்த்தேன், இரண்டும் இல்லை. ஒரே ஒரு நினைப்புதான். நல்ல பச்சைக் காயையும் வெடிச்ச காயையும் ஒரே முறத்தில் கலந்துவிட்டேன், சுருளியம்மாள் அக்கா என்னாச்சு என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். சாயங்காலம் மஃரிப் பாங்கு ஒலித்ததும் முன்னால் பேரீச்சம்பழத் தட்டு இருக்கிறது, அத்தா பிஸ்மில்லா சொல்கிறார், என் விரல் பேரீச்சம்பழத்தை விட்டுவிட்டு இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தைத் தொட்டது. யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். என் சாட்சி அன்றைக்கே உடைந்துவிட்டது.

அப்புறமும் இரண்டு மாதம் ஓட்டினேன். மே மாதம் பல் அடைக்கத் தேனிக்குப் போனேன். டாக்டர் சோனியா என்று சின்னப் பெண், உன்னைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். என் கீழுதட்டை மடித்துப் பார்த்துவிட்டு, எத்தன வருஷமா வைக்கிறீங்க அக்கா என்றாள். எத வைக்கிறேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் சிரித்தாள். அக்கா, நானும் போடிக்காரிதான், எங்க சித்தி வாயும் இப்பிடித்தான் இருந்துச்சு, வாசம் தெரியாம இருக்க அவுக ஏலக்கா மென்னாக, நீங்க என்ன மெல்றீங்க என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உதட்டின் உட்புறம் சுருங்கிப்போய் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது, ஈறு கீழிறங்கிப் பல்லின் வேர் தெரிந்தது. துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். ஒன்பது நாள் காத்திருந்தேன். அந்த ஒன்பது நாளும் உன்னிடம் போனில் எப்படிப் பேசினேன் என்று இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது, உனக்குச் சமையல் குறிப்பெல்லாம் சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ், புற்று இல்லை என்று வந்தது. ஆனால் சோனியா சும்மா விடவில்லை. இப்ப இல்லன்னுதான் சொல்லியிருக்கு, இனிமே வராதுன்னு சொல்லல, நிப்பாட்டுனா மறைய வாய்ப்பிருக்கு, தொடர்ந்தா எப்ப மாறும்னு என்னால சொல்ல முடியாது என்றாள். புகையே இல்லையே என்று நான் நீ சொன்னதையேதான் சொன்னேன். அவள் விளக்கியதை உனக்கும் எழுதுகிறேன். புகை இல்லாததால் நுரையீரலுக்குக் கரி போகாது, அது உண்மை. ஆனால் நிக்கோட்டின் ஈறின் மெல்லிய தோல் வழியாக நேரே ரத்தத்தில் இறங்கும், நெஞ்சு வேகமாக அடிக்கும், ரத்தக்கொதிப்பு ஏறும், மூளை அதைக் கேட்டுப் பழகும். புகையிலை இருந்தால் அதோடு புற்று உண்டாக்கும் நஞ்சும் சேர்ந்து வரும். உன் தோழி வைத்திருப்பது போன்ற வெள்ளைப் பொட்டலத்தில் அந்த நஞ்சுகள் குறைவாக இருக்கலாம், ஆனால் நிக்கோட்டின் குறைவென்று சொல்ல முடியாது, சிலதில் ஒரு சிகரெட்டைவிட அதிகம்கூட உண்டாம். இருபது முப்பது வருஷம் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல, அவ்வளவு காலம் வைத்த ஆட்களே இன்னும் இல்லை. ஆக உன் தோழி பொய் சொல்லவில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறாள்.

ஜூன் மாதம் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திப் பார்த்தேன். நாலாம் நாள் நான் தோற்றேன். எப்படித் தோற்றேன் என்று எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. நானே குப்பைக்கூடையில் எறிந்த பையை, மீன் செதிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கழுவி வைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் அத்தா ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார், பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குழாயை நிறுத்தினார். கையிலிருந்த துணியைப் பிழிந்து பானெட் மேல் போட்டார். பிறகு, என்னா ரமீஸா, பதினேழு வருஷமா நம்ம வீட்ல இன்னொரு ஆளு குடியிருந்திருக்கான், நான் ஒரு சலாம்கூடச் சொல்லலையே என்றார். எனக்குத் திட்டு வாங்கத்தான் தெம்பு இருந்தது, அந்த வார்த்தைக்குத் தெம்பு இல்லை, அழுதுவிட்டேன். அவரும்தான், ஆனால் முகத்தில் தண்ணி தெறித்துவிட்டது என்றார்.

ஜூலை ஆறாம் தேதி இரண்டாம் தடவை ஆரம்பித்தேன். இந்தத் தடவை சோனியா அளவு எழுதி மெல்லும் மருந்து கொடுத்தாள், அதிலும் நிக்கோட்டின்தான், ஆனால் வாராவாரம் குறைத்துக்கொண்டே போய் நிறுத்துவது, நாமாகக் கூட்டிக்கொள்வதில்லை. பன்னிரண்டு வாரத்தில் அதையும் விட்டாயிற்று. முதல் வாரம் தலைவலி, மலச்சிக்கல், ஈயைப் பார்த்தால்கூடக் கோபம். எல்லாவற்றையும்விட என்னை வதைத்தது படிக்க முடியாமல் போனதுதான். ஒரே வரியை ஆறு தடவை படிப்பேன், ஒன்றும் ஏறாது. இனிமேல் படிக்கவே முடியாதோ என்று பயந்துவிட்டேன். நாலாம் நாளைக்கு அத்தாதான் யோசனை வைத்திருந்தார். காலையிலேயே வண்டில ஏறு என்றார். ஆட்களோடு ஆளாக முன் சீட்டில் உட்கார்ந்து போடிமெட்டுக்குப் போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் கடை கிடையாது, குப்பைக்கூடை கிடையாது. மேலே மஞ்சில் நனைந்துகொண்டு கட்டன் சாயா குடித்தோம். திரும்பும்போது நாலாம் நாள் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

குடோனில்தான் பெரும்பாடு. டீ நேரத்தில் சுருளியம்மாள் அக்காவின் டப்பா சுற்றி வரும். வாடி மகராணி, வாயக் கழுவி வெயில்ல காயப் போட்டிருக்கியாக்கும் என்பாள். ஒரு கிள்ளு போட்டா அந்த டாக்டர் பிள்ள என்ன செவத்துக்குப் பின்னாடியா நிக்கிது என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே தண்ணி பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். எத்தனை நாள் போனேனோ.

இப்போது வருகிறது கேள், உன் அம்மா ஜெயித்த கதை. செப்டம்பர் கடைசியில் ஒரு லோடு இறங்கியது. முழுப் பச்சை, பெரிய காய், எல்லோருக்கும் பார்த்ததுமே பிடித்துவிட்டது. யோசேப்பு அண்ணனும் ஒன்று உடைத்துக் கடித்துவிட்டு, அடுத்த ஏலத்துக்கு இதத்தான் முன்னால வைக்கணும் என்றார். நான் ஒரு விதையைக் கடித்தேன். முதலில் இனிப்பு, பிறகு அந்தக் குளிர்ச்சி, அதற்குக் கீழே ஏதோ ஒன்று. அண்ணே, இதுல டீசல் வாசம் வருது என்றேன். குடோனே சிரித்தது. சுருளியம்மாள் அக்கா, புகையிலைய விட்டதும் பெட்ரோல் பங்க் நெனப்பு வந்துருச்சா ஆத்தா என்றாள். நான் விடவில்லை. ஒவ்வொரு மூட்டையாக மோந்து பார்த்தேன், நாலாவது மூட்டையில் நின்றேன், இதைக் கவிழுங்கள் என்றேன். கவிழ்த்தார்கள். அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சாக்கு ஊறிப்போயிருந்தது. யோசேப்பு அண்ணன் ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தார். வாசலில் லோடு இறக்கிவிட்டு நின்றவர் உன் அத்தா. கலீபுல்லா பாய், இத எங்க வச்சுக் கொண்டாந்தீக என்று கேட்டார். பின்னாடி, கேனுக்குப் பக்கத்துல என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, யா அல்லா என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மூடி லூசாகி வளைவில் சிந்தியிருக்கிறது. அந்த ஒரு மூட்டை கலந்திருந்தால் மொத்த லோடும் கெட்டிருக்கும், யோசேப்பு அண்ணன் பெயரும் ஏலத்தில் கெட்டிருக்கும். அத்தா என்னைப் பார்த்து, எம்பொண்டாட்டி நாக்கும் மூக்கும் தெளியணும்னு அஞ்சு வேளையும் துஆ கேட்டேன், தெளிஞ்சதும் மொத ஆளா என்னையத்தான் பிடிச்சுக் குடுத்திருக்கு என்றார். குடோன் கூரை அதிர்கிற மாதிரி சிரித்தார்கள், நான்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன். வாயை மூடாமல் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று! என் நாக்கு இத்தனை நாள் மழுங்கிக் கிடந்தது எனக்கே தெரியாது, திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. அதிலிருந்து எந்த லோடு வந்தாலும் யோசேப்பு அண்ணன் முதல் காயை என் கையில்தான் கொடுக்கிறார்.

அதற்கு ரெண்டு நாள் கழித்து டீ நேரத்தில் சுருளியம்மாள் அக்கா டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, ஏத்தா, அந்த டாக்டர் பிள்ளைகிட்ட எத்தன மணிக்குப் போனா கூட்டமிருக்காது என்று கேட்டாள். கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு இன்று முப்பதாம் நாள், நடுவில் ஒரு நாள் சறுக்கினாள், மறுபடி ஏறிக்கொண்டாள். அன்றைக்கே எனக்கும் வாய் பார்த்தாள் சோனியா. திட்டு பாதிக்கு மேல் மங்கிவிட்டது. ஈறு இறங்கியது இறங்கியதுதான், அது ஏறாது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். பரவாயில்லை. படிப்பு திரும்பிவிட்டது மகளே, போன வாரம் ஐந்நூறு பக்கப் புத்தகம் ஒன்றை மூன்று நாளில் முடித்தேன், லைப்ரரி சார் தேதியைப் பார்த்துவிட்டு நிஜமாவே படிச்சீங்களாம்மா என்று கேட்டார்.

இதையெல்லாம் உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. நீ புத்திசாலி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, நானும் ஒன்றும் முட்டாளாக இருந்து மாட்டிக்கொள்ளவில்லை. வலிக்கு ஒரு கிள்ளு என்றுதான் எனக்கு ஆரம்பித்தது, தூக்கத்துக்கு ஒரு பொட்டலம் என்று உனக்கு. தூக்கம் வந்தால் தூங்கு. ரிப்போர்ட் ஒரு நாள் தாமதமானால் உன் சாரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பெண்ணிடம் சண்டை போடாதே, அவளுக்கும் விட ஆசை இருக்கலாம், கேட்டுப் பார். அங்கே இதை விடுவதற்கு உதவி செய்யும் ஆட்கள் இருப்பார்கள், உன் டாக்டரிடம் கேட்க வெட்கப்படாதே. வெட்கத்தால்தான் நான் பதினேழு வருஷத்தைக் கொடுத்தேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் தெளிந்த புத்தியையும் தரட்டும், உன் படிப்பில் பரக்கத் செய்யட்டும், நீ போகும் இடமெல்லாம் உனக்கு நல்லவர்கள் வாய்க்கட்டும். அத்தா சலாம் சொல்லச் சொன்னார், டீசல் விஷயத்தை மட்டும் எழுதாதே என்றார், எழுதிவிட்டேன். கம்பளி சாக்ஸ் போடாமல் தரையில் நடக்காதே.

இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்கு ஒரு வரி அனுப்பு. மூன்றாவது தடவை தொடவில்லை என்றால் அந்த வரி. தொட்டிருந்தாய் என்றால் அந்த வரி. எந்த வரி வந்தாலும் ஒளிக்காமல் வரட்டும். நம் வீட்டில் இதை ஒருத்தி ஒரு தடவை ஜெயித்துவிட்டாள், அடுத்தவள் தனியாகப் போராட வேண்டியதில்லை.

உன்னை நினைத்தபடி,
உன் அம்மா
ரமீஸா